கொடையும் அது வந்த வழியும்

வாணிபம் செய்வோருக்கு ஊர் பார்க்கப் போவதென்பது எளிதில் கைகூடும் காரியமன்று. கடையைத் திறக்க ஒருவர், கல்லாவில் உட்கார ஒருவர் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்பட்டாலும் மனம் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும். இங்கிலாந்தில் படிக்கும் மகனைப் பார்க்கச் சென்றிருந்தபோது, அவன் வற்புறுத்தலுக்கு இணங்கி, ஒருநாள் குடும்பத்தோடு ஆக்ஸ்ஃபோர்டு நகரம் போய்வந்தோம். லண்டன் பாடிங்டன் நிலையத்தில் காலையில் ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம்; அந்திக்குள் திரும்பியும் விடலாம்.

பார்த்த கட்டடங்களையெல்லாம் வருணித்து அன்பர்களின் பொழுதைப் போக்குவது எமது நோக்கமன்று. அந்த ஒருநாள் பயணத்தில் எங்கள் இளைய மகள் கேட்ட ஒரு கேள்வி, ஊர் திரும்பிய பின்னும் எங்களை விடவில்லை. அது வியாபாரிகளாகிய நம் அனைவருக்கும் உரிய கேள்வி என்று தோன்றியதால் இங்கே எழுத முற்பட்டோம்.

கடைத்தெருவும் கலாசாலையும்

ஆக்ஸ்ஃபோர்டில் 1096ஆம் ஆண்டிலேயே ஏதோ ஒரு வகையில் கல்வி போதிக்கப்பட்டு வந்தது என்பர். 1167ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னர், ஆங்கில மாணவர்கள் பாரிஸ் சென்று படிப்பதைத் தடுத்த பிறகு இந்நகரம் விரைந்து வளர்ந்தது. பல்கலைக்கழகம் என்று ஒரே பெரிய கட்டடம் இருக்கும் என எண்ணிச் செல்பவர்கள் அதைத் தேடித் தேடி அலுத்துப் போவார்கள். ஊரெங்கும் பரவிய கல்லூரிகளும் கூடங்களும் நூல்நிலையங்களும் சேர்ந்ததே பல்கலைக்கழகம். கல்லூரி மதிலை ஒட்டியே கடைகள். கடைகளை ஒட்டியே மாதா கோவில்கள். 1774ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கூரைச் சந்தை இன்றும் நடக்கிறது. அங்கே தேநீர் அருந்தியபோது, நமக்குப் பழக்கமான சந்தைக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

மகன் சொல்லச் சொல்ல ஒரு செய்தி விளங்கிற்று. இந்தக் கல்வி நகரத்தை வளர்த்தவற்றுள் வாணிபப் பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. உலகப் புகழ் வாய்ந்த பாட்லியன் நூல்நிலையம் 1602ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதை நிறுவிய சர் தாமஸ் பாட்லி மணந்தது ஒரு செல்வந்த விதவையை. அவ்வம்மையாரின் முதற்கணவர் மத்தி இன மீன் வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். மீன் விற்ற காசு புத்தகமாயிற்று என்று கேட்டபோது எமக்கு உள்ளூற மகிழ்ச்சியே உண்டாயிற்று. அந்நூல்நிலையத்தில் அரபுச் சுவடிகள் ஏராளமாக உள்ளன. அவற்றுள் பல, எட்வர்ட் போகாக் என்ற அறிஞர் சேர்த்தவை. இவர் 1630ஆம் ஆண்டு முதல் அலெப்போ நகரில், கீழை நாடுகளோடு வாணிபம் செய்த ஆங்கில வணிகர்களுக்குப் பாதிரியாராக இருந்து அரபி கற்றவர். 1636இல் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் அரபிப் பேராசிரியரானார். கப்பல் சரக்கு போன வழியிலேயே கல்வியும் போயிற்று.

நஃபீல்ட் கல்லூரியின் கதையோ நம் கடைப் பையன்கள் கேட்க வேண்டிய கதை. வில்லியம் மாரிஸ் என்பவர் இளம் வயதிலேயே இவ்வூரில் மிதிவண்டி பழுதுபார்க்கும் தொழில் தொடங்கினார். பின்னர் மோட்டார் கார் செய்து பெருஞ்செல்வரானார். நஃபீல்ட் பிரபு என்று பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தில் படித்தறியாத அவர் 1937ஆம் ஆண்டு நிலமும் 9 லட்சம் பவுனும் கொடுத்து ஒரு கல்லூரிக்கு அடிகோலினார்.

இதையெல்லாம் கேட்டுத் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ராட்கிளிஃப் சதுக்கத்துக்கு வந்தோம். அங்கே ஆல் சோல்ஸ் கல்லூரியின் கம்பிக் கதவு வழியே உள்முற்றமும் கோபுரங்களும் தெரிகின்றன. அந்த முற்றத்தின் ஒரு பக்கம் முழுவதும் நூல்நிலையம். அதன் வரலாற்றை மகன் சொன்னான்.

மகளின் கேள்வி

கிறிஸ்டஃபர் காட்ரிங்டன் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோசில் 1668ஆம் ஆண்டு பிறந்தவர், இக்கல்லூரியில் இருந்தவர், பின் அத்தீவுப் பகுதியில் கவர்னராகவும் இருந்தவர். அவருடைய செல்வம் கரும்புத் தோட்டச் செல்வம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து விற்கப்பட்ட அடிமைகளின் உழைப்பே அத்தோட்டங்களுக்கு ஆதாரம். 1710ஆம் ஆண்டு அவர் இறந்தபோது 10,000 பவுன் ரொக்கமும் 6,000 பவுன் பெறுமான நூல்களும் கல்லூரிக்கு எழுதி வைத்தார். அதைக்கொண்டு எழுந்ததே அந்த நூல்நிலையம். தம் தோட்டங்களையும் அடிமைகளோடு சேர்த்து, ஒரு கிறிஸ்தவ மதப் பிரசார சங்கத்துக்கு எழுதி வைத்தார். அந்தச் சங்கத்தின் பொறுப்பில் தோட்டம் இருந்த தொடக்க ஆண்டுகளில், அடிமைகளின் மார்பில் ‘சங்கம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். தருமத்துக்கு விடப்பட்ட சொத்து என்பதற்கு அடையாளம் அந்த மனிதர்களின் மார்பிலேயே இருந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள், “அப்படியானால் வாப்பா, அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிப்பது பாவமா?” என்றாள்.

உடனே பதில் சொல்ல எம்மால் இயலவில்லை. “பாவமில்லை” என்று சொன்னால் கொடுமைக்கு நாமும் கையொப்பமிட்டது போலாகும். “பாவம்” என்று சொன்னால், முந்நூறு ஆண்டுகளாய் அங்கே படித்தவர்களெல்லாம் பாவிகளாவார்கள். மகனும் எம் முகத்தையே பார்த்தான். “யோசித்துச் சொல்கிறேன் அம்மா” என்றோம். அன்று முதல் யோசித்தவற்றைக் கீழே தருகிறோம்.

கொடுத்தவரின் நிலை

முதலில் கொடுத்தவரைப் பற்றி. “எப்படிச் சம்பாதித்தால் என்ன? எத்தனை பேர் படித்துப் பயன் பெற்றார்கள், அதைப் பாருங்கள்” என்று சொல்வோர் உண்டு. பலனைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவதானால், கன்னக்கோல் வைத்தவன் ஆஸ்பத்திரி கட்டினால் அவனையும் வள்ளல் என்றே சொல்லவேண்டும். கொடை என்பதற்கு முதல் நிபந்தனை, கொடுக்கும் பொருள் கொடுப்பவனுடையதாக இருப்பதே. பிறன் பொருளை எடுத்து மூன்றாமவன் கையில் வைப்பது இடமாற்றம், கொடையன்று. தூய பொருளைத் தவிர மற்றதை இறைவன் ஏற்பதில்லை என்று சிறு வயதிலேயே நமக்கு ஓதிக்கொடுத்த பாடத்தின் கருத்தும் இதுவே.

“அக்காலச் சட்டம் அதை அனுமதித்ததே” என்பர் சிலர். சட்டம் அனுமதித்தது மெய்யே. ஆனால் நம் கடைத்தெருவிலேயே, சட்டம் பிடிக்காத எத்தனையோ செயல்களை நாம் தவறென்று அறிவோம். சூடு வாங்கிய மனிதனுக்கு அது அநியாயம் என்று தெரிய எந்தச் சட்டப் புத்தகமும் வேண்டியதில்லை. இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கலாகாது. முஸ்லிம்கள் ஆண்ட நாடுகளிலும் அடிமை வாணிபம் பல நூற்றாண்டுகள் நடந்தது. ஆகவே பிறரைச் சுட்டுவதற்காக அன்று, நம்மைப் பார்த்துக்கொள்ளவே இந்த வரலாற்றை எடுத்தோம்.

படிப்பவரின் நிலை

அடுத்துப் படிப்பவரைப் பற்றி. அந்த நூலைப் படிப்பது பாவமன்று என்றே எமக்குத் தோன்றுகிறது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. நூலை எரித்துவிட்டால் பார்படோசில் செத்தவனுக்கு ஒரு காசும் திரும்பாது. உலகத்துக்கு ஒரு நூல் குறையும், அவ்வளவே.

ஆனால் பாவமில்லை என்பதோடு கதை முடிந்துவிடுமா? இங்கேதான் வியாபாரிகளாகிய நமக்கு விளங்கக்கூடிய ஓர் உண்மை இருக்கிறது. தகப்பனார் காலமானால் அவருடைய குற்றம் பிள்ளைகள் மேல் இறங்குவதில்லை. ஆனால் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மேல் கடன் இருந்தால், அக்கடனை அடைத்த பிறகே வாரிசுகள் பாகம் பிரிக்கலாம் என்பது ஷரீஅத்துச் சட்டம். சொத்தை எடுத்துக்கொள்வேன், கடனைத் தொடமாட்டேன் என்று எந்த வாரிசும் சொல்ல முடியாது. குற்றம் வேறு, கடன் வேறு. ஆல் சோல்ஸ் கல்லூரியில் இன்றிருப்போர் அடிமைகளை வைத்தவர்கள் அல்லர். ஆயினும் கடனுள்ள சொத்தை அனுபவிப்பவர்கள். அங்கே படிப்பவனும் அதை அறிந்த பிறகு, குற்றவாளியாக அன்றிக் கடன்பட்டவனாகப் படிக்கிறான்.

உரியவருக்குச் சேர்த்தல்

கடன் என்றால் யாருக்குத் திருப்பிக் கொடுப்பது? இதைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 1111ஆம் ஆண்டு மறைந்த அப்பெரியார், தம் இஹ்யாவில் ஹலால் ஹராம் பற்றிய பகுதியில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிறன் பொருள் கையிலிருந்து, உரியவனைத் தெரிந்தால் அவனிடமே சேர்க்கவேண்டும். அவன் இறந்திருந்தால் அவன் வாரிசுகளிடம் சேர்க்கவேண்டும். தேடியும் அறிய முடியாமற் போனால் மாத்திரமே தருமத்துக்குப் போகலாம். அதுவும் உரியவன் பெயரால். இமாம் நவவி (ரஹ்) அவர்களும் இதை எடுத்துக்காட்டி, அத்தகைய பொருளைப் பாலம், பள்ளிவாசல் போன்ற பொதுநலப் பணிகளில் செலவிடலாம் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே தருமம் என்பது இந்த வரிசையில் கடைசிப் படி. நாமோ பெரும்பாலும் அதையே முதற்படியாக வைத்துக்கொள்கிறோம்.

இந்த வரிசையை மனத்தில் வைத்து ஆக்ஸ்ஃபோர்டைப் பார்க்கலாம். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, அரசாங்கம் 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. அது கொடுக்கப்பட்டது அடிமைகளுக்கு அன்று, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! உரியவர் யார் என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட கணக்கு அது. ஆல் சோல்ஸ் கல்லூரியார் அண்மைக் காலத்தில், அத்தோட்டங்களில் உழைத்தவர்களின் நினைவாக ஒரு கல்வெட்டு பதித்தார்கள். பார்படோசிலுள்ள காட்ரிங்டன் கல்லூரிக்கு 1 லட்சம் பவுன் அளித்தார்கள். மேற்கிந்தியத் தீவு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார்கள். 2020ஆம் ஆண்டு, நூல்நிலையத்தைக் காட்ரிங்டன் பெயரால் அழைப்பதை நிறுத்தினார்கள். இது போதுமா என்ற வாதம் ஓயவில்லை. ஓரியல் கல்லூரியின் முகப்பிலோ, அக்கல்லூரிக்கு 1 லட்சம் பவுன் எழுதிவைத்து 1902இல் இறந்த செசில் ரோட்சின் சிலை நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் அவர் செய்தவற்றைக் கண்டித்து மாணவர்கள் கிளர்ச்சி செய்தும், 2021ஆம் ஆண்டு, செலவையும் சட்டச் சிக்கலையும் காட்டி, சிலையை அகற்றும் முயற்சியில் இறங்குவதில்லை என்று கல்லூரியார் தீர்மானித்தார்கள்.

மற்றொரு செய்தி நம் தமிழகத்தோடு தொடர்புடையது. இவ்வூர் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தார் 1967ஆம் ஆண்டு லண்டன் ஏலத்தில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். 1957ஆம் ஆண்டில் அதே சிலை கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கோயிலில் இருந்ததைக் காட்டும் புகைப்படம் ஒன்று பின்னர் ஆராய்ச்சியில் தெரியவந்தது. அருங்காட்சியகத்தாரே 2019 டிசம்பரில் இந்தியத் தூதரகத்துக்கு இதை அறிவித்தார்கள். 2024 மார்ச்சில், சிலையைத் திருப்பித் தரப் பல்கலைக்கழக ஆட்சிமன்றம் இசைவு தெரிவித்தது. சிலை வணக்கத்துக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. ஆயினும் அடுத்த வீட்டான் பொருள் அடுத்த வீட்டான் பொருளே, ஹக்கு ஹக்குதான். விலை கொடுத்து, ரசீது பெற்று வாங்கிய சரக்கும் திருட்டுச் சரக்கென்று தெரிந்தால், வாங்கியவனுக்குக் குற்றமில்லை. தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டால்தான் குற்றம். இதைச் சந்தையில் இருப்பவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

“இப்படி ஒவ்வொரு காசையும் தோண்டிப் பார்த்தால் உலகில் ஒரு பள்ளிவாசல் நிற்குமா?” என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்டியலில் விழும் ஒவ்வொரு வெள்ளியின் பூர்வோத்தரத்தையும் விசாரிக்க மார்க்கம் நம்மைப் பணிக்கவில்லை. காரணமில்லாத சந்தேகம் வஸ்வாஸ். அது ஒரு நோய். ஆனால் பிறர் கணக்கு நமக்குத் தெரியாது. நம் கணக்கு நமக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக்க எந்த நன்கொடையாலும் முடியாது.

எங்கள் பேரேட்டில் ஒரு பக்கம்

இவ்வளவும் எழுதிவிட்டு எம் கணக்கை மறைத்தால் அது நேர்மையாகாது. எம் தகப்பனாரின் கடையில், ஊரிலிருந்து சபர் வந்த சிப்பந்தி ஒருவர் இருந்தார். 1973ஆம் ஆண்டு சரக்கில் குறைவு கண்டபோது பழி அவர்மேல் விழுந்தது. மூன்று மாதச் சம்பளம் பிடிக்கப்பட்டது. அவரும் ஊர் திரும்பிவிட்டார். பிறகு கணக்கைச் சரிபார்த்ததில், சரக்கு குறையவே இல்லை, கணக்கப்பிள்ளை வேறு பக்கத்தில் பதிந்துவிட்டார் என்பது தெரிந்தது. வாப்பா அந்தப் பேரேட்டின் ஓரத்தில் “கொடுக்க வேண்டியது” என்று எழுதி 210 வெள்ளி என்று குறித்து வைத்தார்கள். கொடுக்குமுன் காலமானார்கள்.

அந்தக் குறிப்பை நாங்கள் அறிந்தே இருந்தோம். ஒவ்வொரு ரமலானிலும் பள்ளிவாசலுக்குக் கொடுக்கும்போது, “அதுவும் இதில் சேர்த்தி” என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். 210 வெள்ளியைப் போலப் பல மடங்கு கொடுத்தாயிற்று என்ற திருப்தி வேறு. மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபோதுதான் அந்தப் பக்கம் எங்கள் கண்முன் வந்து நின்றது. உரியவரைத் தேடாமலே கடைசிப் படியில் ஏறி உட்கார்ந்திருந்தோம்.

ஊர் ஜமாஅத்துக்கு எழுதினோம். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மகள் ஒருவர் இருப்பதாகப் பதில் வந்தது. ஆலிம் ஒருவரைக் கலந்துகொண்டு, கொடுக்க வேண்டிய தொகையோடு அன்பளிப்பாகவும் சேர்த்து அனுப்பினோம். அந்த அம்மையார் பணத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. தம் தகப்பனார் திருடவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பமுடியுமா என்று கேட்டிருந்தார். சொந்த பந்தங்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் எம் கணக்கின் முழுப் பிழையும் விளங்கிற்று. நாங்கள் எடுத்தது மூன்று மாதச் சம்பளம் மட்டுமன்று. ஒரு மனிதரின் நற்பெயரும் கூட. அதைப் பள்ளிவாசல் உண்டியலில் போட முடியுமா? கேட்டபடியே எழுதி, குடும்பத்தார் அனைவரும் கையொப்பமிட்டு அனுப்பினோம். அந்த முதியவர் உயிரோடிருந்தபோது அது போயிருக்க வேண்டும். அந்தத் தாமதத்தை ஈடுசெய்ய எம்மிடம் ஒன்றுமில்லை. இறைவனிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர.

குட்டைச் சுவர்

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து திரும்பும் ரயிலில் எம் மனைவியார் ஒன்று சொன்னார்கள். “ஹஜ்ஜுக்குப் போனபோது ஹத்தீமுக்குள்ளே நின்று தொழுதோமே, அது ஏன் வெளியே நிற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்” என்றார்கள்.

வரலாறு அன்பர்கள் அறிந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு 35 வயதாயிருந்தபோது, நபிப்பட்டம் கிடைக்குமுன், குறைஷியர் கஃபாவைப் புதுப்பித்துக் கட்டினார்கள். தகாத வழியில் வந்த காசு, வட்டிக் காசு, அநியாயமாகப் பறித்த காசு இவற்றுள் எதுவும் இதில் சேரலாகாது என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். மக்காவோ பெரிய வாணிப நகரம், செல்வத்துக்குக் குறைவில்லை. ஆயினும் சுத்தமான காசு என்று பொறுக்கியெடுத்தபோது பொருள் போதவில்லை. ஆகவே ஒரு பக்கத்தைக் குறைத்துக்கொண்டு கட்டி முடித்தார்கள். விடுபட்ட அந்த இடம்தான் குட்டையான அரைவட்டச் சுவருக்குள் இன்றும் காணப்படுகிறது.

அறியாமைக் காலத்து மக்கள் அவர்கள். எத்தனையோ தீமைகளில் மூழ்கியிருந்தவர்கள். ஆனாலும் அந்த ஒரு காரியத்தில், கட்டடம் குறைந்தாலும் குறையட்டும், காசில் கலப்பு வேண்டாம் என்றிருந்தார்கள். அப்படி விடுபட்ட இடத்தை இன்று யாரும் குறையாக எண்ணுவதில்லை. அதற்குள் நின்று இரண்டு ரக்அத் தொழ உலகமே முண்டியடிக்கிறது.

நம் சங்கங்களும் மதரசாக்களும் நன்கொடைக்கு வரும்போது தாராளமாகக் கொடுப்போம், கொடுக்கவேண்டும். ஆனால் காசோலையில் கையெழுத்திடுமுன் பேரேட்டை ஒருமுறை புரட்டுவோம். சிப்பந்தியின் சம்பளப் பாக்கி, கூட்டாளிக்குச் சொல்லாத லாபம், சகோதரிக்குப் பிரித்துக்கொடுக்காத பாகம் என்று ஏதேனும் ஓரத்தில் எழுதியிருந்தால், முதலில் அது போய்ச் சேரட்டும். அதனால் நம் நன்கொடை குறைந்து, நம் பெயர் பொறித்த சலவைக்கல் சிறுத்துப் போனாலும் போகட்டும்.

மகளுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: “படி அம்மா, படிப்பது பாவமில்லை. ஆனால் அந்தப் புத்தகத்துக்குக் காசு கொடுத்தவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு படி. கொடுத்ததாகப் பெயர் போட்டிருப்பவர்களை அல்ல.” அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போடலாமா வாப்பா?” என்று கேட்டாள். அவள் பிறக்குமுன் நடந்த காரியத்துக்கு அவளும் கையொப்பமிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.